மதிலில் ஸிகெலி வீட்டு இடம்

மெஷ்லிங் ஊருக்குள் கார் நுழைந்து நான்கைந்து வீடுகள் கடந்தபிறகுதான், எது தன்னை உறுத்திக்கொண்டிருந்தது என்று ஹெர்மினேவுக்குப் பிடிபட்டது. ஜன்னல்கள். தெருவின் இடது சாரியில் ஒரு வீடு விடாமல் தெருப்பக்க ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். ஆளில்லாமல் பாழடைந்த வீடுகள் என்றால் புரிந்துகொள்ளலாம். இவை அப்படியில்லை. புகைபோக்கிகளில் புகை எழுந்தது, முற்றத்துக் கொடிகளில் ஈரத்துணி ஆடியது, ஒரு ஜன்னல் விளிம்பில் சிவப்பு ஜெரேனியம் பூத்த தொட்டிகூட இருந்தது. தொட்டிக்குப் பின்னால் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் புதுப் பைன் பலகை. ஆணித்தலைகள் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

வலது சாரி வீடுகளில் தெரு ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. காரை மெதுவாக ஓட்டியபடி அவள் வலப்பக்கக் கூரைகளுக்கு மேலே பார்த்தாள். குன்றின்மேல் கோட்டைக் கோயில், மதில் கட்டிய பழைய தேவாலயம், நின்றது. அக்டோபர் மாதத்துப் பிற்பகல் வெயில் அதன் மணிக்கோபுரத்தில் ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தது. கோயிலைச் சுற்றி வளைந்து ஓடும் பெரிய மதிலில் வெயில் படவில்லை. மதிலின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆள் நிற்கும் இடத்துக்கு ஒன்றாக, குறுகலான நீளத் துளைகள் வரிசையாக இருந்தன. எதிரி வந்தால் அம்பெய்வதற்கென்று ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வைத்தவை. இடது சாரி ஜன்னல்கள் அந்தப் பக்கம்தான் பார்த்தன.

ஹெர்மினேவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் இந்த ஊரைவிட்டுப் போனவள். தொண்ணூறாம் வருஷக் கோடையில், பல தலைமுறையாக இங்கே குடியிருந்த ஜெர்மன்காரர்களான சாக்ஸன்கள் எல்லோரும் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அவளும் அப்பாவும் தம்பியும் ஒரு லாரியில் ஏறினார்கள். நியூரம்பெர்க் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, செத்தால் கழுவி உடுத்தி அனுப்புவது. தம்பி அந்திரேஸுக்கு அங்கே எதுவுமே ஒட்டவில்லை. கட்டியவளும் நிலைக்கவில்லை, வேலையும் நிலைக்கவில்லை. இந்த ஏப்ரலில் ஊருக்கே திரும்பிவிட்டான். கோட்டைச் சாவி வைத்திருந்த கிழவர் மகள் வீட்டோடு போய்விட்டதால் சாவியை இவனே வாங்கிக்கொண்டு, உள்ளேயே காவல்காரர் அறையில் தங்கி, ஓடு மாற்றுகிறேன், மரம் மாற்றுகிறேன் என்று வாரம் ஒருமுறை ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஜூலையோடு ஃபோன் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது. சுவரோடு சுவராக வாயை வைத்துப் பேசுவதுபோல அடைத்த குரல்.

"அக்கா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அவர்களுடைய பழைய வீட்டுக்கு இப்போதும் அதே பச்சை நிறம்தான். முற்றத்தில் பெரிய கொப்பரையில் ப்ளம் பழம் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை கருகும் வாசனையும் விறகுப் புகையும் தெருவரைக்கும் வந்தன. நீளக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தவள் வெதுரியா. பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் ஹெர்மினேவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். சாக்ஸன்கள் போனபின் இந்த வீட்டை வாங்கியவர்கள் அவளுடைய மாமனார் வீட்டார்.

"வெதுரியா, நான்தான். ஹெர்மினே. ஸிகெலி வீட்டு..."

"தெரியுது." கட்டை நிற்கவில்லை. "இது ஸிகெலி வீடு இல்ல."

"வீட்டுக்காக வரலடி. தம்பியப் பாக்க வந்தேன்."

கட்டை நின்றது. கொப்பரையில் ஒரு குமிழ் பெரிதாக எழுந்து உடைந்தது. வெதுரியா படலைத் திறக்கவும் இல்லை, உட்கார் என்று சொல்லவும் இல்லை. வந்தவளை வாசலில் நிறுத்திப் பேசுவதை இந்த ஊரில் ஹெர்மினே பார்த்ததே கிடையாது.

"அவனா வரச் சொன்னான்?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணினான்."

"ஃபோனா?" வெதுரியா சிரித்தாள். சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. "மேல கரண்ட் கம்பி அறுந்து ரெண்டு மாசமாச்சுடி. எதுல பேசினான்?"

"சரி, எப்படியோ பேசினான். உடம்பு சரியில்லையா அவனுக்கு?"

"ஆகஸ்ட் வரைக்கும் கோட்டை வாசல்ல ரொட்டி வெச்சோம். எடுத்துக்கிட்டான். அப்புறம் எடுக்கல. வெச்ச ரொட்டி வெச்ச எடத்துலயே காஞ்சுது. எலிகூடத் தொடல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காரைத் திருப்பு. இருட்டறதுக்குள்ள ஹெர்மன்ஷ்டாட் டவுனுக்குப் போய்ச் சேரு. ஒத்தையா வந்த மாதிரி ஒத்தையாவே போ."

"என் தம்பிடி அவன்!"

"இது எங்க ஊருடி!" கட்டையை வீசி எறிந்தாள். சூடான பழக்கூழ் மண்ணில் சிதறியது. "ஒரே வாரத்துல மூட்டையக் கட்டிக்கிட்டுப் போனீங்க எல்லாரும். உங்க நாய் ஒரு வருஷம் இந்தப் படலுக்கு முன்னாடி படுத்துக் கெடந்துச்சு, நான்தான் சோறு போட்டேன். வேணாம்னு போனவங்க போனவங்களாவே இருக்க வேண்டியதுதானே? இப்ப எதுக்கு வந்து நின்னுக்கிட்டு எங்களை மொறைக்கிறீங்க?"

"யாரு முறைக்கிறது? நான் இப்பதான் வரேன்."

வெதுரியா கையை நீட்டித் தன் வீட்டு ஜன்னலைக் காட்டினாள். ஹெர்மினே சிறுமியாக இருந்தபோது முகம் வைத்துத் தெருவைப் பார்த்த ஜன்னல். ஏழு பலகைகள். இடுக்குகளில் பழந்துணி வைத்து அடைத்திருந்தது.

கொட்டகையிலிருந்து அவள் புருஷன் வந்தான். வைக்கோல் குத்தும் கவைக்கோலைக் கையோடு கொண்டுவந்திருந்தான். ஹெர்மினேவின் முகத்தைப் பார்க்காமல் அவள் காரின் சக்கரத்தைப் பார்த்துத் துப்பினான்.

"போலீஸ்காரன் வந்தான். கோட்டை வாசல்வரைக்கும் போனான். அண்ணாந்து பாத்தான், எறங்கிப் போயிட்டான். உனக்கும் சொல்லியாச்சு."

அவள் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள்.

கோயிலுக்கு ஏறும் பாதையின் இரண்டு பக்கமும் வால்நட் மரங்கள். மெஷ்லிங்கில் வால்நட் கொட்டை தரையில் விழுந்து ஒரு மணி நேரம் கிடந்து அவள் பார்த்ததில்லை. பொறுக்குவதற்குச் சண்டையே நடக்கும். இன்று பாதை முழுக்கக் கருத்த தோல்கள் அழுகிக் கிடந்தன, செருப்புக்கடியில் ஓடுகள் நொறுங்கின, மையைப்போலக் கசந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. கீழே மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. தெருவை அடைத்துக்கொண்டு வரும் மாடுகள் குன்றின் நேரே வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக, வலது சாரி வீட்டுச் சுவர்களை உரசியபடி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடப்பதை அவள் நின்று பார்த்தாள்.

தோளில் ஏதோ பட்டது. சிறிய கல். திரும்பினாள். தெருவில் ஒருவரும் இல்லை. பொறுக்கிப் பயல்கள் எவனாவது கூரைமேல் ஒளிந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நாலடி நடந்தாள். இரண்டாவது கல் காலடியில் விழுந்து உருண்டது. சுண்ணாம்பு ஒட்டிய கல். அது கீழேயிருந்து வரவில்லை. அவளுக்கு முன்னாலிருந்து வந்திருந்தது. மேலேயிருந்து.

"அந்திரேஸ்! நான்டா!"

மூன்றாவது கல் வரவில்லை.

பெரிய கதவில் ஆள் நுழையுமளவு ஒரு சின்னக் கதவு உண்டு. தட்டுவதற்குக் கை ஓங்கியபோது உள்ளே குறுக்குக் கட்டை தூக்கப்படும் சத்தம் கேட்டது. கருவாலி மரக்கட்டை கல்லில் உரசும் நீண்ட, நிதானமான சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. அவள் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கதவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. கட்டை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நுழைவழியில் புகையிட்ட பன்றிக்கொழுப்பின் வாடை அடித்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொழுப்பும் இங்கேதான், கோட்டையின் கோபுரத்தில் தொங்கும். கடைசித் துண்டை இறக்கி முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. வாடை நேற்றுத் தொங்கவிட்டதுபோல இருந்தது.

முற்றத்தில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. காவல்காரர் அறை திறந்தே கிடந்தது. கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. மேசையில் பாதி வெட்டிய வெங்காயம் காய்ந்து தோலாகியிருந்தது. ஃபோன் சார்ஜரில் செருகியபடியே கிடந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். உயிரில்லை. திரையில் படிந்திருந்த தூசியில் அவள் கட்டைவிரல்தான் முதல் தடம். கட்டிலுக்கடியில் அவனுடைய பூட்ஸ் ஜோடியாக இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு காலுறை சுருட்டிச் செருகியிருந்தது. வேறு செருப்பு அவனிடம் கிடையாது.

அப்போது மேலே ஒரு பலகை முனகியது.

மதிலின் உட்புறம், உச்சியை ஒட்டி, கூரை போட்டு, முற்றத்துப் பக்கமும் அடைத்த பலகை நடைவழி கோட்டையைச் சுற்றி ஓடுகிறது. முற்றத்து மூலையிலிருந்து செங்குத்தான மரப்படி ஏறிப் போகவேண்டும். அவள் ஏறினாள். பதினெட்டுப் படி. சின்ன வயதில் அவளும் வெதுரியாவும் இங்கே ஓடி விளையாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு கோடு வெளிச்சம் பலகையில் விழும், கோட்டிலிருந்து கோட்டுக்குத் தாண்ட வேண்டும், இருட்டில் கால் பட்டால் தோற்றாள். படியின் உச்சியில் வந்து நின்று ஹெர்மினே வெளிச்சக் கோடுகளைத் தேடினாள்.

ஒன்றுகூட இல்லை.

வெளியே இன்னும் பகல். இங்கே நடைவழி முழுக்க, வளைந்து மறையும் இடம்வரை, கறுப்பு. எல்லாத் துளைகளையும் எதை வைத்தோ அடைத்திருந்தார்கள். கண் பழகப் பழக, ஒவ்வொரு துளைக்கு முன்னாலும் ஒன்று, ஆளுயரத்துக்கு மூட்டை மூட்டையாக நிற்பது தெரிந்தது. தானிய மூட்டை என்று நினைத்தாள். குளிர்காலத்துக்குக் காற்று வராமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். சுவருக்கு எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியைப் பற்றியபடி நடந்தாள். முதல் மூட்டை. இரண்டாவது மூட்டை. மூன்றாவதைக் கடக்கும்போது புறங்கை அதில் உரசியது.

துணி. வழவழப்பான, மெல்லிய, கஞ்சி போட்ட பருத்தித் துணி. அவள் தினமும் தொடும் துணி.

ஆஸ்பத்திரி அங்கி. பின்பக்கம் இரண்டு இடத்தில் நாடா கட்டியிருந்தது. மேல் முடிச்சு சரியாக இருந்தது, கீழ் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கிழவனின் முதுகெலும்பும், வற்றிய பிட்டமும், முழங்காலுக்குப் பின்புறத்து நீல நரம்புகளும் இருந்தன. வெறுங்கால்கள் பலகையில் பதிந்திருந்தன. முகம் துளைக்குள் இருந்தது. காதுவரைக்கும் துளைக்குள்.

முதுகுகளைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் அவள். இருபத்தெட்டு வருஷமாக மனிதர்களைப் பின்பக்கமிருந்து தூக்குகிறவள். அடுத்து நின்றது லாரி ஓட்டுகிறவர்களின் தோல் ஜாக்கெட். இடது தோள் இறங்கியிருந்தது. மிஷ் தைல். ஷ்டுட்கார்ட்டில் மாரடைப்பு, ஐந்து வருஷம் முன்னால். அதற்கடுத்து ஜீன்ஸும் கிழிந்த ஸ்வெட்டரும் போட்ட சின்னப் பெண், பின்னந்தலையின் பாதி இல்லை. தொண்ணூற்று நாலில் நெடுஞ்சாலை விபத்து. சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை. அதற்கடுத்து கறுப்புக் கோட்டு. அதற்கடுத்து இன்னொரு கறுப்புக் கோட்டு. தெருவில் வீடுகள் இருந்த வரிசையிலேயே நின்றார்கள். தைல் வீடு, லூர்ட்ஸ் வீடு, போன்ஃபெர்ட் வீடு, தெப்னர் வீடு. போர் என்றால் எந்த வீட்டுக்கு எந்தத் துளை என்று எப்போதோ பிரித்துக்கொடுத்த வரிசை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்பது அந்தக் காலத்துக் கட்டளை.

திரும்பி ஓடியிருக்கலாம். படி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் முன்னால், இரண்டு முதுகுகளுக்கு அப்பால், யாரோ மூச்சு விட்டார்கள். இத்தனை பேர் நிற்கும் இடத்தில் அந்த ஒரு மூச்சு மட்டும்தான் கேட்டது. மூக்கடைத்த, சளி கட்டிய மூச்சு. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்து அவள் கேட்ட மூச்சு.

அந்த மூச்சுக்கு முந்தைய முதுகு நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது. கழுத்துப் பட்டியில் சலவைக்கான சின்னத் துணித்துண்டு, சிவப்பு நூலில் எழுத்து: குனெஷ் ரெ. அறை பதினான்கு. தைத்தவள் ஹெர்மினே. பக்கத்து வீட்டு ரெகினே பெரியம்மா, கடைசியில் ஹெர்மினேவின் இல்லத்துக்கே வந்து சேர்ந்தவள். பிப்ரவரியில் கழுவி, தலைவாரி, இந்தச் சட்டையைப் போட்டுவிட்டு, வாயை மூடித் தாடையைக் கட்டியவளும் ஹெர்மினேதான். தான் பின்னிய பின்னல்கூட அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பின்னலில் மண்.

சட்டையில் பட்டுவிடாமல், வயிற்றை உள்ளிழுத்து, அவள் கடந்தாள்.

"அந்திரேஸ்."

"சத்தம் போடாதேக்கா."

அவனும் முதுகைத்தான் காட்டி நின்றான். முகம் துளையில் இருந்தது. குரல் கல்லுக்குள் போய்த் திரும்பி வந்தது.

"திரும்புடா. வா, போயிடலாம்."

"முடியாது. நம்ம வீட்டு எடம் காலியாயிடும்."

"யாரு... இவங்கல்லாம் எப்ப..."

"நான் வந்தப்போ நாலஞ்சு பேர்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு வந்துச்சு. ஜூலையில எல்லா எடமும் நெரம்பிடுச்சு. நம்மளது மட்டும்தான் காலி. மத்தவங்க ராத்திரியெல்லாம் பலகைய உதைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்பா வருவாருன்னு பாத்தேன். வரலை." மூச்சு இழுத்தான். "எப்படி வருவாரு? எரிச்சிட்டியே."

பயத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற கோபம்.

"நீ எங்கடா இருந்த? பதினோரு மாசம் நான் தூக்கி, நான் கழுவி, நான் மாத்தி. ஒரு நாள் வந்தியா? எரிக்கிறதா பொதைக்கிறதான்னு கேக்க ஃபோன் பண்ணா எடுத்தியா?"

"எடுக்கல."

"அப்புறம் என்னடா?"

"ஒண்ணுமில்ல. நிக்கறதுக்கு உடம்பு வேணும்ல, அதைத்தான் சொன்னேன்."

அவள் குந்தி அவன் கால்களைப் பார்த்தாள். பழக்கம் அவள் கையை முன்னால் கொண்டுபோனது. கணுக்கால்கள் தொடைப் பருமனுக்கு வீங்கி, ப்ளம் பழ நிறத்தில் இருந்தன. விரலால் அழுத்தினாள். பள்ளம் பள்ளமாகவே நின்றது.

"எத்தனை நாளாடா நிக்கிற?"

"தெரியலை."

"எதைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"அதுவும் தெரியலை. இன்னும் வரலை."

இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். தினமும் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, பஸ் வரும், நான் போகவேண்டும் என்பார். இழுத்தால் அடிப்பார். ஹெர்மினே போய்ப் பக்கத்தில் நிற்பாள். நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா, பஸ் வந்தால் நிறுத்துகிறேன், நீங்கள் போய் ஒரு வாய் சூப் குடித்துவிட்டு வாருங்கள் என்பாள். போய்விடுவார். ஒருநாளும் தவறியதில்லை. நோயாளியோடு வாதாடக்கூடாது, அவன் உலகத்துக்குள் ஒரு நிமிஷம் போய் அவனை வெளியே கொண்டுவர வேண்டும். இவன் நோயாளி. மற்றதை இப்போது யோசிக்கக்கூடாது. நீலச் சட்டையை யோசிக்கக்கூடாது.

"அரை மணி நேரம் நான் நிக்கிறேன்டா. நானும் இந்த வீட்டு ஆள்தானே? நீ படியில போய் உக்காரு, காலைத் தூக்கி வை. ரத்தம் எறங்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான்.

"வேணாம்க்கா."

"நகருடா."

"வேணாம்னு நான் சொன்னேன். ஞாபகம் வெச்சுக்கோ. ஒரு தடவை சொன்னேன்."

"சொன்ன. நகரு."

அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். ஈரப் புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிய்க்கும் சத்தம் வந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அவளுக்குக் காட்டாமல், சுவரோரமாகத் திரும்பினான். துளையிலிருந்து முதல்முதலாக ஒரு கோடு வெளிச்சம் பலகையில் விழுந்தது. அவன் உடம்பு நடுங்குவதைப் பார்த்து அவள் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள்.

அந்த வெளிச்சக் கோடு விழுந்ததும் மதில் முழுக்கச் சத்தம் எழுந்தது. குதிகால்கள். ஒரே நேரத்தில், பலகையில், தட், தட், தட். மெதுவாக. தெப்னர் வீடு, போன்ஃபெர்ட் வீடு, லூர்ட்ஸ் வீடு. வளைவுக்கு அப்பால் பார்க்க முடியாத வீடுகள். கூரையிலிருந்து தூசி கொட்டியது.

அவள் துளைக்கு முன்னால் போய் நின்றாள். வெளிச்சக் கோடு மறைந்தது. சத்தம் நின்றது.

சும்மா நின்றால் போதும் என்றுதான் நினைத்தாள். முகத்தை வைக்கவேண்டியதில்லை. ஆனால் கீழே அவனுடைய வெறுங்கால்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. உச்சிப்படியில் அவன் உட்காரவில்லை. பதினெட்டுப் படியும் இறங்கினான். எங்கே போகிறான் என்று பார்க்க அவள் குனிந்து, துளையில் கண் வைத்தாள்.

கன்னத்து எலும்பில் கல் சில்லென்று பட்டது. ஊர் தெரிந்தது. புகை, கூரைகள், கடைசி மாடு. வெதுரியா வீட்டுக்கு முன்னால் அவளுடைய சாம்பல் நிறக் கார். சின்னக் கதவு கிறீச்சிட்டது. அவளுடைய கோட்டைப் போட்ட ஓர் உருவம் வால்நட் மரங்களுக்கு நடுவில் இறங்கியது. காலை அகட்டி அகட்டி வைத்து, ஆனால் நிற்காமல்.

சாப்பாடு எடுக்கப் போகிறான். காரில் ரொட்டி இருக்கிறது.

கார்ச் சாவி கோட்டுப் பையில்.

"அந்திரேஸ்!"

குரல் கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியே போகவில்லை.

வெதுரியா படல்வரை வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அண்ணாந்து மதிலைப் பார்த்தாள். நேராக இந்தத் துளையை. வாய் அசைந்தது. திட்டுகிறாளா, அழுகிறாளா, இங்கிருந்து தெரியவில்லை. அவன் காருக்குள் ஏறினான். விளக்கு எரிந்தது. கார் திரும்பியது. ஒருமுறைகூட அவன் மேலே பார்க்கவில்லை. நான்கு வீடு, மூன்று வீடு, பாலம். தூசி.

தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

வரவில்லை.

பின்கழுத்தில் ஒரு கை இருந்தது. அழுத்தவில்லை. தாங்கியிருந்தது. குளிப்பாட்டும்போது நோயாளியின் தலை நழுவாமல் தாங்கிப் பிடிப்பதுபோல, விரல்களை விரித்து. இரண்டு விரல்கள் வாதத்தில் வளைந்தவை. அந்தக் கையின் நகங்களை அவள்தான் வாரம் தவறாமல் வெட்டிவிட்டாள். குளிக்கப் பயந்து அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும் கை.

"பெரியம்மா," என்றாள். "நான்தான் பெரியம்மா. ஹெர்மினே."

கை அவளைத் தடவிக்கொடுத்தது. ஒருமுறை. பிறகு தள்ளியது.

மெதுவாக. மிகவும் மெதுவாக.

நெற்றி. கன்னத்து எலும்புகள். கல் நகரவில்லை. எலும்பு நகர்ந்தது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இமைகளை மூடப் பார்த்தாள். மூட இடமில்லை. மூக்கோடு முகமும் நடுவில் இரண்டாக மடிந்தது. ஓர் அங்குலம். இன்னும் ஓர் அங்குலம். வெளியே மலைச்சரிவில் வெயில் அப்படியே இருந்தது, புல் அசைந்தது, ஒருவரும் இல்லை, ஒன்றும் வரவில்லை.

பிறகு அவளுடைய வலது கண்ணுக்கு, மிக அருகில், நனைந்து, திறந்து, அவளுடைய இடது கண் தெரிந்தது.